வாசற்படிக் காசு: எங்கள் ஊர் ஆலய நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் அண்ணன், பொருளாளர் மாமா, கல்விப் பிரிவுப் பொறுப்பாளர் உள்ளிட்ட நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஆடித் திருவிழா மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். என் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலையும் போட்டீர்கள். "சுங்கை சிப்புட் மண்ணிலிருந்து ஜெர்மனி வரை போன டாக்டர்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தீர்கள். (நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கிறது. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் மேடையில் அதைத் திருத்த வாய் வரவில்லை.) அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். இந்த மடல் அதைக் குறை சொல்ல வரவில்லை.

மேடையை விட்டு இறங்கும்போது பொருளாளர் மாமா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்குப் பின்வரிசைப் பையன் ஒருவனுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்காக ஜப்பானிய அரசின் உதவித்தொகை கிடைத்திருக்கிறது. ஆலயக் கல்வி நிதியிலிருந்து கடன் கேட்டு அவன் எழுதியிருந்தான். குழு அதை ஒத்திவைத்துவிட்டது. "முழு உதவித்தொகையே கிடைத்துவிட்டது, இனி நம் காசு அவனுக்கு எதற்கு என்று பேசிக்கொண்டோம்" என்றார் மாமா. அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வேறொரு ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமே என்ற நல்ல எண்ணம்தான். கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டு விவாதம் செய்வது அழகில்லை என்று நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். மலேசியாவில் வடக்கே கோலா கெட்டிலிலிருந்து தெற்கே கூலாய் வரைக்கும் எத்தனையோ ஆலயங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் கல்வி நிதி வைத்திருக்கின்றன. அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இது திறந்த மடல்.

அம்மாவின் அலமாரியில் இன்னும் அந்த 555 புத்தகம் இருக்கிறது. இந்த ஊரில் அதை அறியாதவர் யார்? உள்ளங்கை அகலக் குறிப்பேடு. மளிகைக் கடைக்காரர் நம் கடனை எழுதிவைக்க என்றே அச்சடித்தது போல இருக்கும். அரிசி, மைலோ, சார்டின் என்று நிரம்ப வேண்டிய அந்தப் புத்தகத்தில் 2021-இலும் 2022-இலும் நான் என் விண்ணப்பச் செலவுகளை எழுதிவந்தேன்.

முதல் பக்கம், எங்கேயும் இடம் கிடைப்பதற்கு முந்தியது. ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு 795 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம், ஒவ்வொன்றும் 85 டாலர், நம் காசுக்கு 714. மதிப்பெண் பட்டியல், சான்றிட்ட நகல்கள், கூரியர் எல்லாம் சேர்த்து 310. கடப்பிதழ் 200. ஆக 2,019 வெள்ளி.

இரண்டாம் பக்கம், ஜெர்மனியில் இடம் கிடைத்த பிறகு. விசா 75 யூரோ, அது 353 வெள்ளி. கோலாலம்பூருக்கு நான்கு முறை பஸ்ஸில் போய்வர 240. ஒருவழி விமான டிக்கெட் 2,150. அறைக்கு முன்பணம் 640 யூரோ, 3,008 வெள்ளி. முதல் மாத வாடகை 1,857. சாப்பாடு, போக்குவரத்து 1,175. ஆக 8,783 வெள்ளி.

இரண்டு பக்கமும் சேர்ந்து 10,802. அப்பாவுக்கு 2022 மே மாதத்திலிருந்து மாதச் சம்பளம் 1,500 வெள்ளி, அதுவும் அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,200-இலிருந்து உயர்த்தியதால். ஏழு மாதம் வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருந்தால் நான் ஜெர்மனியில் போய் இறங்கியிருக்கலாம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "நவம்பர் 30, சம்பளம், கைக்கு 1,800 யூரோ சொச்சம்." அன்றைய மாற்று விகிதத்தில் அது எட்டாயிரத்து நானூறு வெள்ளிக்கு மேல். அதாவது இரண்டாம் பக்கம் முழுவதையும் ஏறக்குறைய ஒரே மாதத்தில் அடைத்துவிடக்கூடிய சம்பளம். அந்த மூன்றாம் பக்கத்துக்கு என்னிடம் பல்கலைக்கழகம் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம் இருந்தது. முதல் இரண்டு பக்கங்களுக்குத்தான் யாரிடமும் பணம் இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், தெரியும். ஊரே அறிந்ததுதான். அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. நம் நாட்டுச் சட்டப்படி அடகுக் கடைக்காரர் மாதத்துக்கு இரண்டு விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், மீட்க ஆறு மாதக் கெடு. நான் ஊன்றி நின்று பணம் அனுப்பும்வரை அம்மா வட்டியை மட்டும் கட்டிக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். மீதியை அத்தை தம் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தார். அவர் மகளின் நிச்சயதார்த்தம் அதனால் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அந்த விஷயம் எனக்கே சென்ற வாரம்தான் தெரியவந்தது.

அந்த 2022-இல் நான் நம் கல்வி நிதிக்கும் விண்ணப்பம் போட்டேன். உங்களில் பலர் அப்போது குழுவில் இல்லை, ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். படிவத்தில் நான்கு இணைப்புகள் கேட்டிருந்தீர்கள்: சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீது, பெற்றோரின் சம்பளச் சீட்டு, மாதம் 3,000 வெள்ளிக்கு மேல் வாங்கும் இரண்டு பேரின் ஜாமீன் கையெழுத்து. சேர்க்கைக் கடிதத்துக்குப் பதிலாக வேலை ஒப்பந்தம் இருந்தது. கட்டண ரசீது இல்லை. இந்தப் படிப்புக்குக் கட்டணமே கிடையாது என்றேன். அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதையே பல்கலைக்கழகத்திடம் எழுதி வாங்கி வாம்மா" என்றார். வாங்கிக் கொண்டுவந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: கட்டணம் இல்லாத படிப்பு என்பதால் உதவி தேவைப்படவில்லை எனக் குழு கருதுகிறது.

சிரிக்கலாம், நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் அந்தப் படிவம் இன்றும் அதே படிவம்தான். சென்ற வாரம் ஒன்று வாங்கிப் பார்த்தேன்.

குழப்பத்துக்குக் காரணம் படிப்பு என்ற சொல்தான் என்று நினைக்கிறேன். பிஎச்.டி. என்றால் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்ற பள்ளித் தேர்வுகள், இளங்கலை என்று ஏறிவந்த ஏணியின் கடைசிப் படி, மேலே போகப் போகக் கட்டணமும் ஏறும் என்றே நாம் நினைக்கிறோம். நிலைமை நேர்மாறானது. ஜெர்மனி, சுவீடன், நார்வே, நெதர்லாந்து போன்ற நாடுகளில் பெரும்பாலான முனைவர் ஆய்வு இடங்கள் வேலை விளம்பரமாகவே வருகின்றன. இன்ன ஆய்வகம், இன்ன தலைப்பு, இத்தனை ஆண்டு ஒப்பந்தம், இந்தச் சம்பள நிலை என்று போட்டிருக்கும். என்னுடையது ஜெர்மானிய மாநில அரசுகளின் ஊதிய அட்டவணையில் 13-ஆம் நிலை, அதில் 65 விழுக்காடு. விடுப்பு உண்டு, மருத்துவக் காப்புறுதி உண்டு, ஓய்வூதியப் பிடித்தமும் உண்டு. அமெரிக்காவில் வேறு வழக்கம். இளங்கலை முடித்தவுடனேகூட விண்ணப்பிக்கலாம். இடம் கொடுத்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுக்கவோ ஆய்வகத்தில் உழைக்கவோ வைத்து, ஐந்து ஆண்டு அளவுக்கு மாதப்படி தருவார்கள். பிரிட்டனில் அரசு ஆய்வு மன்றங்களின் மாணவர்களுக்கு 2025/26-ஆம் ஆண்டுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 20,780 பவுண்டு. (பிரிட்டன் என்றவுடன் எல்லாரும் செவனிங் உதவித்தொகையைச் சொல்கிறார்கள். அது முதுகலைக்கு மட்டும்தான், பிஎச்.டி.க்கு இல்லை. எத்தனை பேர் இதில் ஓர் ஆண்டை வீணாக்கியிருக்கிறார்களோ!)

ஆனால் எந்த நாடும் வாசலுக்கு உள்ளேதான் சம்பளம் தருகிறது. வாசற்படி வரைக்கும் நாமே போய்ச் சேர வேண்டும். பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது மருத்துவச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், மொத்தப் படிப்புக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நான்கு ஆண்டு என்றால் மூவாயிரம் பவுண்டுக்கு மேல், அதுவும் விமானம் ஏறுவதற்கு முன்பே. ஜெர்மனியில் இறங்கியவுடன் ஒரு சங்கிலி காத்திருக்கிறது. சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்கப் போனால் நகர மன்றத்தில் செய்த முகவரிப் பதிவைக் கேட்பார்கள். பதிவுக்கு வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். அவர் கடிதம் தர முன்பணம் வேண்டும். நான் நவம்பர் முதல் தேதி வேலையில் சேர்ந்தேன், சம்பளம் மாதக் கடைசி நாளில்தான். அந்த முப்பது நாளை நான் எப்படி ஓட்டினேன் என்பதை அம்மாவுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. இரண்டு கிலோ ரவை, ஊறுகாய்ப் புட்டி, ஆய்வகச் சமையலறையில் இலவசமாகக் கிடைத்த காப்பி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜப்பான் இதை ஒளிக்காமலே சொல்லிவிடுகிறது. அந்தப் பையனுக்குக் கிடைத்திருப்பது அவர்களுடைய கல்வி அமைச்சின் உதவித்தொகை, மெக்ஸ்ட் என்பார்கள். கட்டணம் இல்லை, விமான டிக்கெட் அவர்களே தருகிறார்கள், முனைவர் ஆய்வுக்கு மாதம் 145,000 யென். இவ்வளவும் கொடுக்கிற அதே வழிகாட்டிக் குறிப்பில், முதல் தொகை கைக்கு வர ஒன்றரை மாதம் வரை ஆகலாம், உடனடிச் செலவுக்கு ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர் கையில் கொண்டுவாருங்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். வெளியே அறை எடுத்தால் முன்பணம் போக, வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் என்று ஒன்றும் சில இடங்களில் கேட்பார்கள். அது திரும்ப வராது. பையன் தன் விண்ணப்பத்தோடு அந்தக் குறிப்பையும் இணைத்திருக்கிறான், மஞ்சள் மையால் கோடிட்டு. இணைப்பை யாரும் புரட்டவில்லை என்று நினைக்கிறேன்.

கட்டண ரசீது கேட்கும் அந்த நிபந்தனை இன்னொரு வேலையும் செய்கிறது. ரசீது உள்ளவருக்குத்தான் பணம் என்றால், கட்டணம் வாங்கும் இடங்களில் சேர்ந்தவர்களுக்கே நம் நிதி போய்ச் சேரும். தன் திறமையால் சம்பளத்தோடு இடம் பிடித்த பிள்ளைக்குக் கதவு மூடியிருக்கும். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிப்பவர்களின் கணக்கு வேறு, அவர்களைச் சொல்லவில்லை. ஆனால் முழுநேர ஆய்வுக்குச் சொந்தக் காசைப் போட்டு, அதுவும் கடன் வாங்கிப் போட்டு யாரும் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பிள்ளை அப்படி உங்களிடம் வந்தால் எவ்வளவு கட்டணம் என்று கேட்காதீர்கள். "அவர்கள் உனக்கு எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேளுங்கள். ஒன்றும் தரவில்லை என்றால் இன்னும் ஓர் ஆண்டு பொறுத்து வேறிடம் தேடச் சொல்லுங்கள். நடுவில் இடம் வாங்கித் தருகிறேன் என்று முகவர் எவராவது நின்றால், அவரை ஆலய வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். முனைவர் இடத்துக்குப் பேராசிரியருக்கு நேராகத்தான் எழுத வேண்டும். அதற்குத் தரகு கிடையாது.

உள்நாட்டில் படிப்பவர்களையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மைபிரெய்ன்15 என்று அரசாங்கம் திட்டம் போட்டு 60,000 முனைவர்களை உருவாக்க இலக்கு வைத்த காலம் ஒன்று இருந்தது. நான் முதுகலை செய்தபோது பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்துதான் எனக்கு மாதப்படி வந்தது. அடிப்படை ஆய்வு மானியம் இரண்டு, மூன்று ஆண்டில் முடிந்துவிடும். ஆய்வேடு அதற்குள் முடிவதில்லை. மானியம் தீர்ந்து ஆய்வேடு தீராத அந்தக் கடைசி ஆறு மாதத்தில் கைவிட்டுப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் இப்போது ஈப்போவில் காப்புறுதி விற்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார், ஆனாலும் அவருடைய மூன்று ஆண்டு உழைப்பு ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது.

பணம் தராத ஆண்டிலும் இந்த ஆலயம் எனக்கு ஒன்று தந்தது. அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். 2022 ஜூனில் எனக்குக் காணொளி நேர்காணல். ஜெர்மனியில் மாலை மூன்று மணி, நமக்கு இரவு ஒன்பது. எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, இணையமும் அறுந்து அறுந்து வரும். அலுவலகத்தில் இருந்த அதே அண்ணன், படிவத்தைத் திருப்பிக் கொடுத்தவர்தான், கல்யாண மண்டபத்து அறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "பூட்டிவிட்டுப் பூக்கடையில் கொடுத்துவிடு" என்றார்.

மூன்று பேராசிரியர்கள். என் ஆய்வுத் தலைப்பு செம்பனையைக் கொல்லும் கானோடெர்மா பூஞ்சை. அதை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஏதாவது ஆய்வுக் கட்டுரையைச் சொல்லத்தான் நான் தயாராகியிருந்தேன். வாயில் வந்தது வேறு. எனக்குப் பத்து வயதிருக்கும், பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் நீளக் கம்பில் கட்டிய அரிவாளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு மரத்தின் அடியைக் காட்டினார். தரையை ஒட்டி, தட்டு மாதிரி ஒன்று மரத்திலிருந்து முளைத்திருந்தது. மேலே அரக்கு பூசியது போலப் பளபளப்பு, ஓரம் மட்டும் வெள்ளை. உச்சியைப் பார் என்றார். குருத்துகள் விரியாமல் ஈட்டி ஈட்டியாக நின்றன. அரிவாளின் பின்பக்கத்தால் தண்டைத் தட்டினார், காலி டின்னைத் தட்டியது போல் கேட்டது. "தட்டு வெளியே தெரிந்துவிட்டால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம், இந்த மரத்தைக் கணக்கில் சேர்க்காதே" என்றார். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது இராக்கால பூசை மணி அடிக்கத் தொடங்கிவிட்டது, முழுதாக மூன்று நிமிடம். அவர்கள் காத்திருந்தார்கள். மணி ஓய்ந்ததும் மூத்தவர், "உங்கள் தந்தை சொன்னது சரி. பூஞ்சையின் கனி உடல் வெளிப்படும்போது உள்தண்டில் பாதிக்கு மேல் அழுகியிருக்கும்" என்றார். பதினொரு இடங்களுக்கு விண்ணப்பித்து இரண்டு நேர்காணல் வந்ததில், எனக்குக் கிடைத்தது அந்த ஒன்று.

திருவிழாவில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டு, மரத்தைப் போய்ப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். அவருக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். பக்கத்தில் கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தை ஒட்டி ஒரு பழைய ரப்பர் மரம் வேலி போட்டு நிற்கிறதே, அது 1877-இல் இந்த நாட்டுக்கு வந்த முதல் கன்றுகளில் ஒன்று. பிரேசிலில் எடுத்த விதை லண்டன் தாவரத் தோட்டத்தில் முளைத்து இங்கே வந்தது. பால் வெட்டிய நம் அம்மாக்கள் வாயில் புழங்கிய "ஆறுநூறு" மரம், ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கி எண் போட்டுக் கொடுத்த இரகம். சம்பளம் வாங்கிக்கொண்டு மரத்தைப் படித்தவர்கள் இருந்ததால்தான் தாத்தா, நீங்களும் நானும் இந்த ஊரில் நிற்கிறோம். அது நல்லதா கெட்டதா என்பது வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இனி ஜாமீன். லயத்தில் குடியிருப்பவருக்கு மாதம் 3,000 வெள்ளி வாங்கும் இரண்டு பேர் எங்கிருந்து கிடைப்பார்கள்? கிடைத்தாலும் அவர்களிடம் போய் நிற்பது எப்படி இருக்கும் தெரியுமா? நான் நின்றிருக்கிறேன். ஒருவர் காப்பி கொடுத்து அரை மணி நேரம் என்னைப் பாராட்டிவிட்டு, மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓர் அயல்நாட்டு அரசாங்கம், மூன்று ஆண்டுக்குச் சம்பளம் தருகிறேன் என்று முத்திரை குத்தித் தந்த தாளை நம்பாமல், தவணையில் கார் ஓட்டுகிற ஒருவரின் கையெழுத்தை நம்புவது என்ன கணக்கு?

சிறுகாசு திரட்டிப் பெரிய கதவைத் திறப்பது நமக்குப் புதிதில்லை. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில், அது சிங்கப்பூரில் இருந்தபோது, இந்திய இயல் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என நிதி திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி. பல்கலைக்கழக வாசலையே பார்த்திராத தொழிலாளிகள் கொடுத்தார்கள். 1956-இல் துறை வந்தது. அதற்கு நான்கு ஆண்டு கழித்து நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். அடுத்த ஆண்டே கெடாவில் ஒரு தோட்டத்தை வாங்கிவிட்டார்கள். தலைவர் ஐயா, உங்கள் தகப்பனாரும் அதில் உறுப்பினர் என்று நீங்களே ஒரு பொங்கல் விழாவில் சொன்னீர்கள். அந்தப் பத்து வெள்ளிக்கு அவரிடம் யாரும் ஜாமீன் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. கல்வி நிதியிலிருந்து 30,000 வெள்ளியைத் தனியே எடுத்து வையுங்கள். வாணவேடிக்கையைக் குறையுங்கள் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் அது பிடிக்கும். எஸ்பிஎம் பிள்ளைகளின் கேடயத்தையும் தொட வேண்டாம். ஒப்பந்தமோ உதவித்தொகைக் கடிதமோ கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அதிலிருந்து 10,000 வரை வட்டியில்லாக் கடன், ஜாமீன் இல்லாமல். அந்தக் கடிதமே ஜாமீன். சம்பளம் வரத் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள் மாதத் தவணையில் திருப்பித் தரட்டும். அதே பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். ஒரே நேரத்தில் மூன்று பேர் வெளியே இருக்கலாம். எங்கள் ஊரில் ஓர் ஆண்டில் மூன்று பேர் கிளம்பினால் நான் மேளம் பிடித்து வழியனுப்புகிறேன்.

என் புத்தகத்தின் முதல் பக்கச் செலவு, அதாவது தேர்வும் விண்ணப்பக் கட்டணமும், கடனாக இருக்கக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். என் 714 வெள்ளியை வாங்கிக்கொண்ட இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இடமில்லை என்று இரண்டு வரி எழுதிவிட்டன. போகும் என்று தெரிந்தே போட வேண்டிய காசு அது, தூண்டில் போடுகிறவன் இரையைத் திரும்பக் கேட்க முடியாது. அந்த இரண்டாயிரத்தை நன்கொடையாகவே கொடுத்துவிடுங்கள், கேட்பவரின் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் போதும். இல்லையென்றால் பிள்ளைகள் கட்டணமில்லாத இடங்களாகப் பார்த்து மட்டும் விண்ணப்பிப்பார்கள். அதுவும் ஒரு வேலிதான்.

யாராவது ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று பொருளாளர் மாமா கேட்பார், கேட்க வேண்டியது அவர் வேலை. ஏமாற்றலாம். பத்தாயிரம் போகும். ஆனால் லயத்து வீட்டில் அப்பா அம்மா இருக்கும் பிள்ளை, வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் நம் முகத்தில் விழிக்கும்போது, அப்படி எளிதில் ஏமாற்றிவிட முடியாது. வங்கிக்கு இல்லாத பாதுகாப்பு அது.

கடனைவிடக் கெடுதான் முக்கியம். ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை காத்திருந்து முடிவெடுத்தால் எல்லாம் வீண். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிகின்றன. ஜெர்மானிய விளம்பரம் ஆண்டு முழுவதும் வரும், மூன்று நான்கு வாரம்தான் திறந்திருக்கும். ஆகவே மூன்று பேர் கையெழுத்தில் பதினான்கு நாளில் முடிவாகட்டும். இல்லை என்பதாக இருந்தாலும் பதினான்கு நாளில் சொல்லிவிடுங்கள், பிள்ளை அடகுக் கடைக்காவது நேரத்தோடு போகும்.

இந்த மடலோடு 5,000 வெள்ளிக்கு என் காசோலை இருக்கிறது. அம்மாவின் வளையல்கள் திரும்பி வந்துவிட்டன, அத்தை கடனும் தீர்ந்தது, ஆகவே தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கடனைக் கொடுக்கும் அன்றுதான் அதை வங்கியில் போட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

அந்தப் பையனுக்கு இம்மாதம் 27-ஆம் தேதி விமானம். அவன் விண்ணப்பம் ஆலய அலுவலக மேசையில், அர்ச்சனைச் சீட்டுக் கட்டுக்கு அடியில் இருக்கிறது. மஞ்சள் கோடிட்ட குறிப்பு கடைசித் தாள். வரும் வெள்ளிக்கிழமை பூசைக்குச் செயலாளர் அண்ணன் வருவார், பொருளாளர் மாமா எப்படியும் வருவார். தலைவர் ஐயா மட்டும் ஈப்போவிலிருந்து வர வேண்டும். பேனா நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
லயத்து மூன்றாம் வரிசை வீட்டு மகள்